சுலோச்சனா அம்மாவும் பாடி மாற்றிய ஸ்போர்ட்ஸ் காரும்

சுலோச்சனா அம்மா போய்விட்டார்.

காலையில் அவர் மகன் பிரபு போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நல்லூரில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் முதன்முதலாகச் சேர்ந்த பனியன் கம்பெனியின் முதலாளியம்மா. திருநெல்வேலிப் பக்கமிருந்து தனியாக வந்த எனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவர் கேரியரில் எனக்கும் ஒரு டப்பா வந்தது.

எங்கள் ஊர்க் காரம் இல்லை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் குழம்பின் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் காலையிலிருந்து நினைவில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கார்தான்.

கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டின் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி நின்றிருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத, இங்கிலாந்தில் செய்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நீலகிரியில் டீ எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் அம்மாவின் மாமனார் வாங்கியது.

அம்மாவின் கணவர், எங்கள் பெரிய முதலாளி, அவிநாசிபாளையம் பக்கம் அதைப் புளியமரத்தில் மோதிவிட்டார் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கால் உடைந்து, கடைசிவரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் இறந்த பிறகு, புது மெஷின்களுக்கு இடம் வேண்டும் என்று காரை விற்க முடிவு செய்தார்கள். மும்பையிலிருந்து பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர் பார்க்க வந்தார். அவர் இங்கிலீஷில் பேசுவதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

'எல்லாம் ஒரிஜினல்' என்றுதான் பிரபு விளம்பரம் கொடுத்திருந்தார். லேசாக நசுங்கியது, தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்தோம் என்று அப்பா சொன்னதை அப்படியே நம்பியவர்.

வந்தவர் குனிந்து பார்த்தார், அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் நம்பர் சரி. அடிச்சட்டமான சேசிஸின் நம்பரும் சரி. கதவைத் திறந்து உள்மடிப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, பாடி பிறகு செய்து போட்டது என்றார்.

எனக்குப் புரியவில்லை. பளபளவென்று இருக்கிறதே, நல்லதுதானே?

இல்லையாம். துருப்பிடித்துக் கிடந்தாலும் முதன்முதலில் அந்தக் காரோடு வந்த பாடிக்குத்தான் மதிப்பாம். மாற்றியது என்றால் விலை பாதிக்கு இறங்கிவிடும். ஏன் மாற்றினார்கள், எங்கே மாற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அதுகூடக் கிடைக்காது... ஏதோ ஒரு பழைய சேசிஸை வைத்துப் புதுசாகக் கட்டிய கார் என்றுதான் வாங்குகிறவர்கள் நினைப்பார்களாம்.

பெயிண்ட் மட்டும்தான் அடித்தது என்று பிரபு மறுபடியும் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "கண்ணு, நாஞ் சொல்றத அவருகிட்ட அப்படியே சொல்லு" என்றார்.

பாடி முழுசாக மாற்றியதுதான், முன்பக்கம் பூராவும் நொறுங்கிப் போனது, கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் புதுசாகச் செய்து போட்டோம் என்றார். சொன்னேன்.

எப்படி மோதியது, யார் ஓட்டியது என்று மும்பைக்காரர் கேட்டார். நான் தமிழில் சொல்வதற்குள் அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

"நாந்தானுங்க ஓட்டுனேன்."

பிரபு "அம்மா" என்றார்.

கல்யாணமான புதிது. கணவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம். ஆடு குறுக்கே வந்தது, அம்மா ஸ்டியரிங்கை ஒடித்தார், எதிரே மரம். மருமகள் கார் ஓட்டி மகன் காலை உடைத்துவிட்டாள் என்று வீட்டில் பேச்சு வரக்கூடாது... ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுமே, ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டாராம் பெரிய முதலாளி.

நொறுங்கிய பாடியைப் பார்க்கவே சகிக்காமல் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். மும்பைக்காரர் அதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டார்.

அப்பா ஏன் தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்று பிரபு கேட்டார்.

"சொல்லிப்போடலாம்னு நான் வாயெடுக்கறப்பெல்லாம், 'உடு புள்ள, எனக்குப் பழகிப்போச்சு'ம்பாரு."

கோவைப் பட்டறையில் விசாரித்தார்கள். அந்த பாடியைச் செய்தவருடைய மகன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறார், அவருக்கு நினைவிருந்தது. அதே கார்தான் என்று உறுதியானது. பிரபு எதிர்பார்த்ததில் பாதி விலைக்கு மும்பைக்காரரே வாங்கிக்கொண்டார்.

பிரபு கொஞ்ச நாள் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. விலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு பெரியவர் வழக்கம்போல அந்தப் புளியமரக் கதையை ஆரம்பித்தார். அம்மா நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாகச் சொன்னார்.

"மாமா, அது நானுங்க. மரம் வர்ற வரைக்கும் நல்லாத்தான் ஓட்டுனேன்."

முதலில் சிரித்தது பிரபுதான்.

போன வருஷம் மும்பையில் ஒரு கண்காட்சியில் அந்தக் காரை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் வைத்திருந்த போர்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார் வாங்கியவர். எந்த எஸ்டேட்டில் இருந்தது, யார் கைக்கு வந்தது, பாடி எங்கே மாற்றியது, விபத்தின்போது ஓட்டியவர் திருமதி சுலோச்சனா... எல்லாம் இங்கிலீஷில்.

அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எம்பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்காப் படி கண்ணு."

படித்தேன்.

சாயங்காலம் சாமளாபுரத்தில் அவர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்...

பாத்துப் போங்கம்மா.