போட்டோ சாமியின் கன்னங்கள்

எங்கள் தீவில், லவுத்தோக்கா சர்க்கரை மில் பக்கம் கரும்பு ரயில் கடக்கக் காரில் காத்திருந்தபோதுதான் தனம்மாவின் அழைப்பு வந்தது. "டாக்டரம்மா, அவரு பூட்டாரு," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நெஞ்சுதான் நின்னுபோச்சு. கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டார். புருஷன் செத்த சேதியோடு இப்படி ஒரு நற்சான்றிதழா என்று கேட்காதீர்கள். அது தனம்மா தன் உடம்பிலிருந்து கொடுத்த கிட்னி. ரயில் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் நின்ற டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

கோவிந்தசாமி என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. போட்டோ சாமி என்றால், இங்கிருந்து போய் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவீர்கள். உங்கள் முதல் பாஸ்போர்ட்டில் விறைத்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பிடித்தவர் அவர்தான். எண்பத்தேழிலும் இரண்டாயிரத்திலும் ஆட்சி கவிழ்ந்தபோது அவர் ஸ்டுடியோ வாசலில் பஸ் நிலையம் வரை வரிசை நின்றதாம். "பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது டாக்டரம்மா. மத்த நாள்ல அதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வத்திப்போவும். கூ வந்தப்போ ஒருத்தர்கிட்டயும் சொல்ல வேண்டியிருக்கல," என்பார். ஆட்சிக் கவிழ்ப்புக்கு இங்கே 'கூ' என்றுதான் பெயர்.

இரண்டாயிரத்தாறில் மறுபடியும் கூ வந்த பிறகு, போகிறவர்கள் போக, மதுரையிலிருந்து நான் சிறுநீரக மருத்துவராக எதிர்த்திசையில் வந்து இறங்கினேன். "எல்லாரும் ஓடுறாங்கோ, நீங்க இன்னாத்துக்கு வந்தீங்கோ?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பூரி மாதிரி உப்பிய கன்னங்கள். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஊதவைத்த முகம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதலில் கனடாவிலிருந்து வந்து அவருடைய அண்ணன் கொடுத்த சிறுநீரகம் போய்விட்டது. இரண்டாவது, தனம்மாவுடையது. சென்னையில் பொருத்தியது. முதலாவது ஏன் போனது என்று கேட்டதற்கு, "கூ-ல மருந்து கிடைக்கல," என்றார். இந்த ஊரில் கூ மேல் பழி போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை மாற்றியவர்களுக்கு ஸ்டீராய்டைக் குறைப்பது என்றால் நாங்களும் இரண்டு முறை யோசிப்போம். ஆனால் அதே மாத்திரையால் அவருக்கு எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறி, கண்ணில் புரையும் விழத் தொடங்கியிருந்தது. சென்னை மருத்துவரோடு பேசி, துளித் துளியாகக் குறைத்து, ஒரு சிறிய அளவில் நிலைநிறுத்துவது என்று முடிவு செய்தோம். சேதியைச் சொன்னதும் சாமி இரண்டு கைகளாலும் தன் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். நான் அவற்றைக் கழற்றி எடுத்துப் போய்விடுவேன் என்பதுபோல.

குறைத்தோம். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சொன்னபடி கேட்டது. கன்னம் மட்டும் இறங்கவே இல்லை. போதாக்குறைக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. திருட்டுத்தனமாகப் பழைய அளவிலேயே விழுங்குகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். என் அறையில் அவரை நான் திட்டிய திட்டு வோட்டுவாலேவு விமான நிலையம் வரை கேட்டிருக்கும். தனம்மாதான் பொறுக்க முடியாமல், "மாத்திரை இல்ல டாக்டரம்மா, டாலோக் கெழங்கு. தேங்காப்பால் ஊத்தி மூணு வேளையும் துன்னுகினு இருக்காரு. கன்னம் எறங்கிடக் கூடாதாம்," என்றார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "கன்னம் எறங்கினா கிட்னி பூடும்," என்றார் சாமி. அதன் பிறகுதான் உண்மை வந்தது.

இரண்டாயிரத்துக் கலகத்தின்போது அண்ணன் அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். ஊரையே படம் பிடித்தவர் தன்னைப் படம் பிடிக்க உட்கார்ந்தார். விளக்கை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார், தாடையை இறக்கினார். கன்னம் மறையவில்லை. "பத்து வருசம் இந்த மூஞ்சியக் காட்டியா ஒரு நாட்டுக்குள்ள போறது?" என்று ரோஷம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். கன்னம் வடிந்தது. படம் பிரமாதமாக வந்தது. கூடவே காய்ச்சலும் வந்து, சிறுநீர் நின்று, அண்ணன் கொடுத்ததும் போய், கனடாவும் போனது. மருந்துக் கடையில் மாத்திரை எப்போதும்போல இருந்திருக்கிறது.

"அண்ணன் குடுத்ததத் தொலைச்சேன். இவ குடுத்ததையும் தொலைச்சா நான் மனுசனா?" என்று சொல்லி, அந்தக் குண்டுக் கன்னங்களில் கண்ணீர் வழிய அழுதார். நான் திட்டியதை எல்லாம் அப்படியே விழுங்கிவிடலாம் போலிருந்தது. தனம்மாவுக்கும் இது புதுச் செய்தி. முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தார். பிறகு, "என் கிட்னிய உங்க கன்னத்துலயா வெச்சாங்கோ? வயித்துலதான வெச்சாங்கோ? டாக்டரம்மா சொல்றதக் கேளுங்கோ," என்றார். அதோடு வீட்டுக்கு டாலோ வருவது நின்றது.

தானாக நிறுத்துவது வேறு, பரிசோதனை பார்த்து இறக்குவது வேறு என்று அவருக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் அதே நாற்காலி, அதே விளக்கில் தன்னைப் படம் பிடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். கன்னம் இறங்கியது, கிட்னி நின்றது. கடைசி அளவுக்கு வந்த அன்று என் அறையிலிருந்தே கனடாவுக்குப் போன் போட்டு அண்ணனிடம் பழைய கதையை ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "அட பாவி, அந்தப் படத்தையாவது அனுப்புடா, பாக்கிறேன்," என்ற குரல் எனக்கே கேட்டது.

தான் போன பிறகு அந்தப் படத்தைத்தான் மாலை போட வைக்க வேண்டும் என்று சாமி சொல்லி வைத்திருந்தாராம். "அவ்வளவு பெரிய வெல குடுத்து எடுத்தது." துக்கம் கேட்க நான் போனபோது சுவரில் இருந்தது வேறு படம். நாங்கள் குறைக்கத் தொடங்கிய நாட்களில் எடுத்தது. உப்பிய கன்னங்கள், பயந்த கண்கள். எல்லாரும் முகம் சுளித்திருக்கிறார்கள். தனம்மா அசையவில்லை. "நான் குடுத்தது பூடக் கூடாதுன்னு டாலோ துன்னு வளத்த கன்னம் டாக்டரம்மா இது. இதவிட அழகா அவர நான் பாத்ததில்ல," என்றார்.

அந்த அழகான பாஸ்போர்ட் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். இந்தக் கதையை எழுதச் சொன்னதும் அவர்தான். சாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், என் மேசை மேல் இருக்கிறது. மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாமா என்று யோசித்தபடி வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்து, "யாரு இது, சினிமாக்காரரா?" என்று கேட்கிறார்கள்.

"இல்லை, கனடாவுக்குப் போக இருந்தவர்," என்கிறேன்.