ஊதாச் சேலைக்குள் ஒரு யன்னல்

வாளியைக் கீழே வைத்ததும் பவளராணி யன்னல்களிடம் நலம் விசாரிப்பாள். கூட்டுவதும் துடைப்பதும் அதற்குப் பிறகுதான். "என்ன இராயப்பர், ராத்திரி நல்ல நித்திரையோ?" என்பாள், வண்ணக் கண்ணாடியில் மோட்சக் கதவின் திறப்போடு நிற்கும் பேதுருவைப் பார்த்து. பக்கத்து யன்னலில் மாதாவுக்கு முன் மண்டியிட்டிருக்கும் கபிரியேல் சம்மனசிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. "உம்மடை செட்டையிலைதான் ஐயா முழுத் தூசியும்." சுற்றிப் பார்க்க வரும் டெனிஷ்காரர்கள் அவள் செபிக்கிறாள் என்று நினைத்து ஒதுங்கி நடப்பார்கள்.

டென்மார்க்கின் ஓகூஸ் நகரப் பேராலயத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. அந்தப் பழைய கண்ணாடிகளில் ஈரத்துணி படக்கூடாது; மெத்தென்ற தூரிகையால்தான் தூசி தட்டவேண்டும். "துடைக்கிறேல்லை, தடவிக் குடுக்கிறது" என்று கணவன் சூசைதாசனுக்கு விளக்குவாள். மன்னாரில் தன் கோயிலின் யன்னல்கள் துவக்குச் சூட்டில் உதிர்ந்ததைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவள். இங்கே எல்லாம் முழுசாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "வடிவாப் பாருங்கோ, ஒண்டும் உடையேல்லை" என்று வருகிறவர்களிடம் தமிழிலேயே சொல்லுவாள். அவர்களும் தலையாட்டுவார்கள்.

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்றுதான் கோயில் பொறுப்பாளர் நீல்சன் அவளை எடுத்திருந்தார். அதற்கு முன் மீன் கம்பனியில் ஐஸுக்குள் கைவைத்து நின்றவள். விரல் மூட்டுகள் வீங்கி, சேலைக்குக் கொய்யக மடிப்புப் பிடிக்கவே முடியாமல் போனது. இந்த வேலை போனால் திரும்பவும் ஐஸ்தான்.

அப்படிப்பட்டவள் 1986ஆம் ஆண்டு, உயிர்ப்புக்கு முந்திய தபசு காலத்தில் செய்த காரியத்தைக் கேளுங்கள். மன்னாரில், ஜேசு பாடுபட்ட பெரிய கிழமைக்கு முந்திய ஞாயிறுக்கே கோயிலில் உள்ள சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள், உயிர்ப்புக்குத்தான் திறப்பார்கள். இங்கே அந்த ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமையும் வந்துவிட்டது, ஒருவரும் எதையும் மூடுவதாக இல்லை. இவர்களின் சபையில் அந்த வழக்கமே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. "பாவம், உந்த மனுசன் மறந்துபோச்சு" என்று நீல்சனுக்காக இரக்கப்பட்டாள். எல்லா யன்னலுக்கும் துணிக்கு எங்கே போவது? மாதாவுக்காவது இருக்கட்டும் என்று, பெட்டிக்குள் பொத்தி வைத்திருந்த ஊதாப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து, ஏணியில் ஏறி அந்த யன்னலை மூடிக் கட்டினாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஸ் ஏறினாள்.

டெனிஷ்காரர்களுக்கோ மறுநாள், சம்மனசு மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள். பிரசங்கத்தின் நடுவில் பெண் போதகர், "அதோ பாருங்கள்" என்று அந்த யன்னலை நோக்கிக் கை நீட்டினார். அங்கே மாங்காய்க் கரையோடு ஒரு காஞ்சிபுரம் தொங்கிக்கொண்டிருந்தது.

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நீல்சனின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. கடைசி வாங்கில் இருந்த பவளராணி முன் வாங்கின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். "போச்சுது வேலை" என்றாள் வாய்க்குள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து காரணம் கேட்டார். தெரிந்த டெனிஷையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஜேசு சாகப்போறார். அந்தத் தாயின்ரை முகத்தை நாங்கள் இப்ப பாக்கேலாது." போதகர் திரும்பி அந்தச் சேலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்த நீல்சனைத் தடுத்து, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

நீல்சன் ஏணியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அன்றும் அடுத்த நாட்களிலும் வேலையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. வேலை உண்டா என்று கேட்க இவளுக்கும் துணிவில்லை. "கேட்டால்தானே இல்லையெண்டு சொல்லுவார்" என்றாள் வீட்டில். சூசைதாசன் எதற்கும் இருக்கட்டும் என்று மீன் கம்பனிச் சப்பாத்தை எடுத்துக் கழுவிவைத்தான்.

உயிர்த்த ஞாயிறு காலை நீல்சன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பவளராணி ஏறிக் கட்டை அவிழ்த்தாள். சேலை சரிந்ததும் சம்மனசின் சிவப்பும் மாதாவின் நீலமும் தரையில் வந்து விழுந்தன. நேரத்தோடு வந்து அமர்ந்திருந்த முதியவர்கள், காலமெல்லாம் பார்த்த யன்னலை அன்றுதான் கண்டவர்கள் போல எழுந்து நின்றார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உடையாமல் இருக்கிற இந்தக் கண்ணாடிக்கும், அதைத் தன் கையில் விட்ட இந்த மனிதர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? "தக், தக்" என்று தனக்குத் தெரிந்த டெனிஷ் நன்றியை யாருக்கென்றில்லாமல் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

இறங்கிச் சேலையை மடிக்கப் பார்த்தாள். ஒற்றை ஆளால் ஆகிற காரியமா அது? முந்தானை தரையில் இழுபட்டது. நீல்சன் குனிந்து அந்த முனையை எடுத்தார்.

"அடுத்த வருடம் எந்த நாளில் மூடவேண்டும் என்று நேரத்தோடு சொல்லிவிடு. மற்ற யன்னல்களுக்கும் துணி வாங்க வேண்டும்" என்றார்.

 பவளராணி தன் பக்கத்து முனைகளை இறுக்கிப் பிடித்து, சேலையை ஓங்கி ஒரு உதறு உதறினாள். அந்த உதறலில் நீல்சன் ஓரடி முன்னால் தள்ளாடினார். ஆனால் முந்தானையை விடவில்லை.