பிரதமர் வாசலில் ஒரு பூட்டு

பிரதமரின் முதன்மைச் செயலாளரான அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் 'பூட்டு' என்று பெயர். வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும், கண்டுகொள்வதில்லை. பிரதமரைப் பார்க்க அவருடைய அறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பிரதமர் வாயிலிருந்து 'முடியாது' என்று யாரும் கேட்டதில்லை. முடியும் என்றால் உட்கார்ந்தபடியே ஒரு கையை நீட்டிக் குலுக்குவார். முடியாது என்றால் எழுந்து வந்து, வந்தவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு, "உங்களுக்கு இல்லாததா? வெளியில அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்பார். ஆள் உச்சி குளிர்ந்து வெளியே வருவார். கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பூட்டு, முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடுவார். மனுஷன் தங்கம், இந்தப் பொம்பளைதான் கெடுக்கிறாள் என்று ஊரே கரித்துக்கொட்டும். இது இருவரும் பேசிவைத்த ஏற்பாடல்ல. முதல் வருடத்திலேயே தானாகப் படிந்துவிட்டது.

பூட்டின் தம்பி அரசாங்கப் பொறியாளர். தூரத்தில் ஒரு துறைமுகம் கட்டுகிற வேலை. மனைவிக்குச் சிறுநீரகம் பழுது, வைத்தியமோ தலைநகரில். மாற்றல் கிடைத்தால் அவள் பக்கத்தில் இருக்கலாம். துறையில் மறுத்துவிட்டார்கள். தம்பி அக்காவை அழைத்தான்.

"நீ கையெழுத்தெல்லாம் போட வேணாம்க்கா. அவர் காதுல போட்டாப் போதும்."

"வேலை முடியறவரைக்கும் யாரையும் மாத்தக்கூடாதுன்னு உத்தரவுடா. அவரே போட்டது."

"ஊருக்கெல்லாம் பூட்டா இரு. எனக்குமா?"

பெயர் அவன்வரை போய்விட்டது.

அன்று மதியம், கோப்புகளுக்கு நடுவில், பிரதமரிடம் தனக்கென்று முதல்முறையாக ஒன்று கேட்டார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். தன் வலது கையை மேஜைமேல் சற்று முன்னாலேயே வைத்திருந்தார், ஒருவேளை நீட்டினால் குலுக்க வசதியாக.

பிரதமர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. மேஜையைச் சுற்றி வந்தார்.

"என்னம்மா இது? உங்க தம்பிக்கு இல்லாததா?"

அவருடைய உள்ளங்கைகள் மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தன. வந்தவர்கள் எல்லோரும் ஏன் நம்பினார்கள் என்று புரிந்தது.

"நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வந்து தம்பியை அழைத்தார்.

"சொன்னியாக்கா?"

"சொன்னேன். அவர் சரின்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னுட்டேன். கூடப் பிறந்தவனுக்குச் சலுகைன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க."



"அந்த மனுஷன் நல்லவர்" என்றான் தம்பி. "நீ நல்லா இரு."

வைத்துவிட்டான்.

பூட்டு அடுத்த ஆளைப் பிரதமரிடம் அனுப்பினார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். முழுதாக அல்ல, கைகள் தெரியும் அளவுக்கு விட்டு.