டொக்டருக்கு அரைப்பேர்

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேட்டு லயத்து வீட்டு வரிசையில் பிறந்த நிஷாந்தி, ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகி, எல்லாருக்கும் மிஸ்ஸியாகி, மூச்சுக் கருவிகளை ஆளும் நிலைக்கு உயர்ந்த வரலாறு பாடப்புத்தகத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியொரு பிரிவு இருப்பதே நம் சனத்துக்கு, வீட்டு ஆளை உள்ளே படுக்க வைத்த பிறகுதான் தெரிகிறது. ஆகவே அறிமுகப் பாடம் நடத்தும் பொறுப்பை நிஷாந்தி தானே ஏற்றுக்கொண்டாள். வகுப்பறை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே. மாணவர்கள், லொறியில் வந்து இறங்குகிறவர்கள்.

அன்று வந்தவர்கள் அழகுமுத்துக் கங்காணியின் ஆட்கள். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் விடியலில், வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் ஆள் எண்ணிக்கொண்டிருந்த கங்காணிக்கு, நெஞ்சுச்சளி முற்றி, தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள்.

"இந்த மெசின்தான் அவருக்குக் காத்து குடுக்குது," என்று ஆரம்பித்தாள் நிஷாந்தி.

"கொழுந்து வாட்டுற காத்தாடி மாதிரிங்களா?" என்றான் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் வினோஜன்.

"அதே மாதிரிதான்."

"அதுல கொழுந்து வாடிப் போயிருமே, மிஸ்ஸி!"

நிஷாந்தி உடனே அடுத்த பாடத்துக்குத் தாவினாள்.

அடுத்த பாடம்தான் சிக்கல். நெஞ்சு தேறிவிட்டது, மயக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. குழாயை எடுக்குமுன் நோயாளி நினைவோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். சொன்ன வேலை ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். டொக்டர் சிங்களத்தில் கையை அமுக்கச் சொன்னார். நிஷாந்தி தமிழில், "ஐயா, என் கைய அமுக்குங்க," என்று கெஞ்சினாள். கங்காணி கருங்கல்லாகக் கிடந்தார். நாளைக் காலைக்குள் அசையாவிட்டால் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கங்காணியின் மனைவி காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அவருக்கு யாரு வேல சொல்லச் சொன்னது, மக? கல்யாணமான நாள்லருந்து நான் ஒரு வேல சொன்னா இப்படித்தான் கெடப்பாரு. வெறகு எடுத்துட்டு வாங்கன்னா போதும், கண்ணு மூடிக்கும். இது இப்ப வந்த வருத்தமில்ல."

இந்த அரிய தகவலை நிஷாந்தி முறைப்படி டொக்டரிடம் தெரிவித்தாள். அப்படியொரு அறிகுறி மருத்துவத்தில் இல்லை என்றார் அவர்.

"ஓட்டை போட்டா கத்துவாரா?" என்று கேட்டாள் காளியாயி.

"கொஞ்ச நாளைக்குச் சத்தம் வராதுங்க."

லொறியில் வந்த லயமே ஆழ்ந்த யோசனையில் மூழ்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில் காளியாயிதான் மூக்கைச் சிந்தினாள். "வேணாம் மக. அவரு கத்தலன்னா எனக்குப் பொழுது விடிஞ்சதே தெரியாது."

மறுநாள் காலை, சுடுதண்ணிப் போத்தலோடு காளியாயி கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றாள். உள்ளே முறை மாறும் நேரம். வீட்டுக்குப் போகும் மிஸ்ஸிமாரும் வேலைக்கு வந்த மிஸ்ஸிமாரும் சீருடையோடு கட்டிலருகே வரிசையாக நிற்க, நிஷாந்தி ஒவ்வொரு நோயாளியாகப் பேர் வாசித்தாள். ஜன்னலில் பனி, உள்ளே குளிர், வரிசை, பேர் வாசிப்பு: பெரட்டுக் களமேதான். கங்காணியின் கண் மெல்லத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து டொக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

கங்காணியின் விரல் எழுந்து டொக்டரைச் சுட்டியது. அப்புறம் மற்றக் கையின் விரல் வந்து அந்த விரலை நட்டநடுவில் அறுத்துக் காட்டியது.

"வலிப்பா?" என்று பதறினார் டொக்டர்.

"அரைப்பேரு!" என்று கதவுக்கு வெளியே காளியாயி கூவினாள். "டொக்டரய்யாவுக்கு அரைப்பேரு போட்டுட்டாரு! பெரட்டுக்குப் பிந்தி வந்தா அரைநாள் சம்பளந்தான்!"

நிஷாந்தி மொழிபெயர்த்தாள். டொக்டர் தாடையைத் தடவினார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால்தானே அத்தாட்சி? இந்த ஆள் கட்டளை அல்லவா இடுகிறார்! நினைவில்லாத மனிதர் இவ்வளவு நியாயமாகத் தண்டனை கொடுப்பாரா என்று நிஷாந்தி வாதாடினாள். கடைசியில் டொக்டர் கைகூப்பி, முழுப்பேர் போடும்படி நிஷாந்தி மூலம் கேட்டுப் பார்த்தார். கங்காணி சற்று யோசித்தார். முடியாது என்று தலையாட்டினார்.

கேள்வி விளங்கிற்று, பதிலும் வந்தது. மதியத்துக்குள் குழாய் வெளியே வந்துவிட்டது.

பின்னேரம் காளியாயியை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னதுதான் தாமதம், கங்காணியின் கண் மூடிக்கொண்டது, தலை சாய்ந்தது. நிஷாந்தி பாய்ந்து போய் நாடியைப் பிடித்தாள், திரையைப் பார்த்தாள், டொக்டரைக் கூப்பிட வாயெடுத்தாள்.

"பயப்படாத மக," என்றாள் காளியாயி. "கொஞ்சம் எந்திரிச்சி ஒக்காருங்கன்னு சொன்னேன்."