தரைக்கும் வாடகை

பாயைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதியை விட்டு நடந்தேன். பின்னால் அக்கா வந்தாள். ராட்டினம் ஏற வந்த அவள் மகள் அழுதாள்.

உத்திரமேரூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் ஒரே அறையில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுப்போம். அதே நினைப்பில், பொழுதுபோக்குப் பூங்கா அருகே மூவருக்கும் ஓர் அறை எடுத்தேன். காலையில் கிளம்பும்போது, தரையில் படுத்ததற்குத் தனிக்காசு, வெந்நீருக்குத் தனிக்காசு என்றார் மேனேஜர்.

“பாய் எங்களுது, தரைக்குமா துட்டு? நேத்தே இன்னாத்துக்குச் சொல்லல?” என்றாள் அக்கா.

“நீ கேக்கலியேம்மா” என்று சிரித்தார்.

பூங்கா டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் அங்கேயே போனது. வேலை தேடி அலைந்து எத்தனையோ ஊர் பிளாட்பாரங்களில் படுத்திருக்கிறேன். தரைக்கு எவனும் காசு கேட்டதில்லை.

அவர்களை ஊருக்குப் பஸ் ஏற்றினேன். மறுநாள் காலை, விடுதிக்கு எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன். பாயோடு பஸ் இறங்குபவர்கள் முதலில் டீ குடிக்க அங்கேதான் வருகிறார்கள். எதிர் விடுதியில் தரைக்கும் துட்டு என்று சொல்லிவிடுகிறேன்.