சுடுதேத்தண்ணி ஊதும் மூச்சு

1. கதவை மூடச் சொன்ன டாக்டர்

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக முத்துசாமியைக் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். நான்கு பேர், ஆளுக்கொரு முனை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அமினோஃபிலின் ஊசியை நரம்பில் மெல்ல மெல்ல ஏற்றிவிட்டு, மூச்சிரைப்பு கொஞ்சம் தணியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டிஸ்பென்சரிக்கு வெளியே அவர் மகள் செல்வி பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சர். முழு டாக்டர் இல்லை. ஆனால் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் டாக்டரையாதான். நானும் அதைத் திருத்தப் போனதில்லை.

முத்துசாமிக்கு வயது நாற்பத்தாறு. பேக்டரியில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் இருபது வருடம் வேலை. அந்தத் தூசி பாதி, பீடி பாதி. கார்டில் ‘குரோனிக் பிராங்கைட்டிஸ்’ என்று எழுதியிருந்தேன். மனைவி இறந்துவிட்டாள். செல்வி ஒரே பிள்ளை, அந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுத இருந்தாள்.

மாத்திரை கொடுத்தேன், மிக்ஸர் என்கிற தண்ணி மருந்து கொடுத்தேன். கூடவே புத்தியும் சொன்னேன். “குளிர் படக்கூடாது. கதவைச் சாத்திக்கிட்டு அடுப்புப் பக்கத்துல படுங்க. அசையாதீங்க.”

லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், அடுப்பு உள்ளேயே இருக்கும். விறகு என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, மிலாறு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகைக்குள் ஒரு நெஞ்சு நோயாளியைப் பூட்டி வைத்தவன் நான். வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தேன்.

அந்த வாரம் தோட்டத்து மேனேஜரான துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“டிஸ்பென்சர், அந்த மனுசன் வேலைக்கு வராம ஆறு மாசமாச்சு. தேயிலை நாத்து நர்சரியில லைட் வேலை கொடுக்கலாம். வாற மாசம் ஒண்ணாந் திகதி பெரட்டுக்கு வந்து பேர் கொடுக்கணும். வரல்லைன்னா அவர் பேரை வெட்டிட்டு மகள் பேரைப் பதிஞ்சிருவோம்.”

இதில் துரையைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு ஒரு ஆளாவது வேலையில் இருந்தால்தான் காம்பரா என்பது அந்தக் காலத்து நடைமுறை. ஆனால் பெரட்டுக்களம், அதாவது காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம், மலை உச்சியில் இருந்தது. லயத்திலிருந்து நூற்றுப்பத்துப் படி. முத்துசாமியால் காம்பரா வாசலுக்கு வரவே முடியவில்லை. ஒன்றாம் திகதிக்கு மூன்று வாரம் இருந்தது.

இதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “கொழுந்துக் கூடை எங்க வாங்குறதுங்க?” என்றுதான் கேட்டாள்.

2. ராசம்மா

மருந்துக்கு வரிசையில் நின்ற ராசம்மாவின் காதில் அது விழுந்தது. முத்துசாமியின் வயதுதான், அதே லயம். கொழுந்து பறித்தவள். அடுப்புப் புகை அவள் நெஞ்சைத் தின்றதால் நர்சரியில் லைட் வேலைக்கு மாற்றியிருந்தோம். அவள் கார்டிலும் முத்துசாமிக்கு எழுதிய அதே இரண்டு வார்த்தைகள்தான். ஆனால் அவள் ஒருநாளும் கம்பளியில் வந்ததில்லை, நடந்துதான் வருவாள். எப்படி என்று நான் கேட்டதே இல்லை.

“அவர எங்கிட்ட விடுங்க, டாக்டரையா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “ஒனக்கே மூச்சு இழுக்குது. நீ என்னத்தச் சொல்லிக் கொடுக்கப் போற?”

“இழுக்கிறதாலதாங்க சொல்றேன். மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?”

தெரியாது. மருந்துப் போத்தலைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மாலை என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று லயத்துக்குப் போனேன். முத்துசாமியின் கதவு ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. அடுப்பு வாசலுக்கு வெளியே, ஒரு தகரத்தின் அடியில் புகைந்துகொண்டிருந்தது. செல்வி பதறிக்கொண்டிருந்தாள்.

“டாக்டரையா கதவ மூடிவைக்கச் சொன்னாங்களே, அத்தை.”

“அவரு குவார்ட்டர்ஸ்ல சிம்னி இருக்குடி. அவரு மூடிக்கலாம்” என்றாள் ராசம்மா. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

முத்துசாமி வாசற்படியில் குனிந்து உட்கார்ந்து, காற்றை ‘ஹக் ஹக்’ என்று இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. ராசம்மா கொதிக்கக் கொதிக்க வெறும் தேத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“குடிக்காதீங்கண்ணே. ஊதுங்க.”

“மூச்சே இல்ல, எதைத் தங்கச்சி ஊதுறது?”

“சூடு ஆறணும்ல, ஊதுங்க. ஒதட்டக் குவிச்சு, மெதுவா. தேத்தண்ணி கோப்பையை விட்டுச் சிந்தக்கூடாது.”

ஊதினார். பாதியில் இருமல். மறுபடி ஊதினார். ராசம்மாவும் தன் கோப்பையை எடுத்து அவரோடு சேர்ந்து ஊதினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருந்தார்கள். தேத்தண்ணி ஆறி முடிவதற்குள் அவர் தோள் இறங்கியது. கழுத்து நரம்பு தணிந்தது. என் ஊசி செய்கிற வேலையில் பாதியை ஒரு கோப்பை தேத்தண்ணி செய்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

“நம்ம தப்பு என்னன்னா, இழுக்கணும் இழுக்கணும்னே நிக்கிறோம்ணே” என்றாள். “உள்ள பழைய காத்து ரொம்பிக் கெடக்குது. கந்தப்பள பஸ் மாதிரி. எறங்குறவங்கள எறங்க விட்டாத்தானே ஏறுறவங்க ஏற முடியும்?”

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“யாருங்க சொல்லுவா? மலையில தேத்தண்ணி குடிக்கிற நேரம் மட்டும் நெஞ்சு லேசா இருக்கும். தேத்தண்ணி மகிமைன்னு நெனச்சேன். பத்து மணிக்கு மேலயும் குடிச்சுப் பாத்தேன், ஆறுன தேத்தண்ணி. ஒண்ணும் நடக்கல. அப்பத்தான் புரிஞ்சுது, குடிக்கிறது இல்ல, ஊதுறதுன்னு.”

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் சூடான தேத்தண்ணியையும் ஆறியதையும் ஒப்பிட்டுப் பார்த்து உண்மையைப் பிடித்திருக்கிறாள். பல வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் உதட்டைக் குவித்து மூச்சு விடுவதைப் படம் போட்டு விளக்கினார்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவையே எடுக்கவில்லை.

அடுத்தது படி. முதல் நாள் மூன்று படி, மறுநாள் ஐந்து. இரண்டு படிக்கு மூச்சை வாங்கு, அப்படியே நின்று நாலு எண்ணும்வரை ஊது. நெஞ்சு இறுகினால் மட்டக்கம்பை ஊன்றிக் குனிந்து நில். மட்டக்கம்பு என்பது தேயிலைச் செடியின் மேல் மட்டம் பார்க்கக் கொழுந்து பறிப்பவர்கள் வைத்திருக்கும் கம்பு. ராசம்மா பறிப்பை விட்டபிறகும் தன் கம்பை விடவில்லை. அதை முத்துசாமிக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்தாவது நாள் அவர் கம்பை எறிந்தார். “செத்தாலும் படுக்கையில சாகுறேன், விடு தங்கச்சி.”

“சாகுறது ஒங்க இஷ்டம்ணே. புள்ளைக்கு ஒங்க கையாலயே கூடையக் கட்டிவிட்டுட்டுச் சாகுங்க.”

இவ்வளவு கடுமையாக ஒரு நோயாளியிடம் நான் பேசியதில்லை. பேசியிருந்தால் அவர் கேட்டிருக்கவும் மாட்டார். அதே இருமலை இருமிக்கொண்டே அவள் சொன்னதால் அவருக்குக் கோபம் நிலைக்கவில்லை. கம்பைத் தேடி எடுத்துக்கொண்டார். அன்று பதினெட்டுப் படி.

வாரா வாரம் ஸ்டெத் வைத்துப் பார்த்தேன். நெஞ்சுக்குள் அதே விசில் சத்தம், கொஞ்சமும் குறையவில்லை. நோய் அப்படியே இருந்தது, மனிதர் ஏறிக்கொண்டிருந்தார். இதை எந்தக் கார்டில் எந்த வார்த்தையால் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

3. பெரட்டு

ஒன்றாம் திகதி பெரட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே கிளம்பினார்கள். நல்ல பனி. நானும் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கூடவே போனேன். எழுபதாவது படிக்கு அருகே முத்துசாமி நின்றுவிட்டார். கம்பை ஊன்றிக் குனிந்தார், முகம் கறுத்தது. நான் பையைத் திறந்தேன்.

“பைய மூடுங்க, டாக்டரையா” என்றாள் ராசம்மா. “நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறதாலதான் அவருக்குப் பயம் வருது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

திரும்பி நின்றேன். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் ஊதும் சத்தம் மட்டும். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் வேறில்லை. பிறகு கம்பு கல்லில் தட்டும் சத்தம் கேட்டது. ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பெரட்டுக்களத்தில் துரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். பேர் பதியும் கணக்கப்பிள்ளை லைட் வேலைப் பட்டியலைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். முத்துசாமி கடைசிப் படியில் கால் வைத்ததும் அவர் பெயர்தான் வந்தது.

“முத்துசாமி.”

வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. ஏறுவதற்குப் பழகிய நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. பெரட்டில் வாயால் பதில் சொன்னால்தான் பேர், அதாவது அன்றைய சம்பளக் கணக்கு. கையைத் தூக்கினால் ஏற்கமாட்டார்கள். கணக்கப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பென்சிலோடு அடுத்த பெயருக்குப் போனார்.

“ராசம்மா.”

பதில் இல்லை.

“ராசம்மா. முன்னுக்குத்தானே நிக்கிற?”

அவள் நேராகக் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். உதடு குவிந்திருந்தது. ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துசாமியும் கம்பின் மேல் குனிந்து அவளோடு சேர்ந்து ஊதினார். தாமதமானால் அவளுக்கு அன்று அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் விழும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். துரை சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார்.

“இருக்கேங்க” என்றார் முத்துசாமி.

“நானும் இருக்கேங்க” என்றாள் ராசம்மா.

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் முழுப்பேர் விழுந்தது.

4. நான் படித்தது

செல்வி ஓ.எல். எழுதினாள். முத்துசாமி அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். கம்பளியில் ஒரே ஒரு தடவைதான் வந்தார், அதுதான் கடைசி. அதற்கு முன்னாலேயே ராசம்மா போய்விட்டாள். ஆனால் அவள் போவதற்குள் செவ்வாய்க்கிழமை தோறும் டிஸ்பென்சரி வாசலில் ஏழெட்டுப் பேர் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து ஊதும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. அவளும் முத்துசாமியும்தான் நடத்தினார்கள். என் பங்குக்கு நான் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மருந்து கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்களுக்கு இல்லாத நோயைப் பற்றி அந்த நோயோடு வாழ்கிற ஒருவரிடம் கேளுங்கள். மருந்து வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பார்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இத்தனை வருடச் சிகரெட் சும்மா விடுமா? ஹட்டனில் மகன் வீடு மாடியில், பதினாறு படி. ஏழாவது படியில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்று, இல்லாத தேத்தண்ணியை ஊதுவேன். மகன் மேலே நின்று பதற்றத்தோடு பார்ப்பான், கையில் இன்ஹேலர்.

“அதை வச்சிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நில்லுப்பா” என்பேன்.

அவன் திரும்பியதும் மிச்சம் ஒன்பது படியையும் ஏறிவிடுவேன்.