மரத் தண்டவாளத்தில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி

எச்சரிக்கைப் பலகையில் ஏழு வரிகள் இருந்தன. இதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, அண்மையில் நடந்த சிகிச்சை என்று நான்கு எனக்குப் பொருந்தின. நான் மூன்று முறை படித்தேன். என் மகள் ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் அவள், கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த என்னையும் என் மனைவியையும் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தாள். அங்கே மரத்தாலேயே கட்டிய ரோலர் கோஸ்டர். வெள்ளையடித்த மரக் கால்களில் கண்ணுக்குத் தெரிந்தவை நூற்றுப் பன்னிரண்டு. வண்டி ஏறும்போதெல்லாம் அத்தனையும் ஆடின. நான் முப்பத்துநான்கு வருடம் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். ஆடுவதைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. வரிசையில் நின்றபடியே, உப்புக் காற்றில் துருப்பிடித்த போல்ட்டுகள் ஒன்பதைப் பார்த்துவிட்டேன்.

"ஆடுது கண்ணு."

"மரம் ஆடத்தானுங்கப்பா செய்யும். ஆடலைன்னாத்தான் ஒடியும். இதென்ன பம்ப் செட்டுங்களா?"

போல்ட் எனக்கு இரண்டாவது பயம்தான். முதல் பயத்தை அவளிடம் சொல்ல முடியாது. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, அடைத்த ரத்தக்குழாயில் எனக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அது மகளுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பதினொரு வீடுகளிலும் இதுதான் வழக்கம். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பதறி என்ன செய்வார்கள் என்று ஆஸ்பத்திரிச் சமாச்சாரத்தை மறைத்துவிடுவோம். நான் படுத்திருந்த நான்கு நாளும், கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக மனைவி போனில் சொன்னாள். "நாலு நாளாக் கல்யாணம் பண்றாங்களா, எந்த ராஜா ஊட்டுலம்மா?" என்று மகள் சிரித்தாளாம். இங்கே வந்த பிறகு மாத்திரைகளை வெந்தயப்பொடி டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். மனைவி முழங்கால் வலி என்று கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். எனக்கும் முழங்கால் என்று சொல்லிப் பார்த்தேன்.

"காலைல ரெண்டு மைல் நடந்தீங்க. சும்மா வாங்கப்பா, நானும் கூடத்தான உக்காரப் போறேன்."

பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். லிப்ட், பாலம், பட்டாசு என்று எல்லாவற்றுக்கும் பயம் சொன்ன வாய் இது. அவள் சிரித்துக்கொண்டே என் கையைக் கோத்துக்கொண்டாள்.

தடுப்பை ஒட்டி வந்தபோது மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "ஏனுங்க, சொல்லிப்போடட்டுங்களா?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். தெரிந்தால் மகள் வேலையை விட்டுவிட்டு ஊரில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்பது என் கணக்கு.

கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தோம். இரும்புத் தடி மடிமேல் இறங்கியது. வேலையாள் அதை அழுத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தான். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு. வண்டி ஒரு உலுக்கலோடு கிளம்பியது. அப்போதுதான் மனைவி கத்தினாள்.

"கண்ணு, அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குது. எறக்கு சாமி, எறக்கிப்போடு."

மகள் என் பக்கம் திரும்பினாள். "நெசமாங்களாப்பா?"

"எட்டு மாசமாச்சு."

அவள் எழப் பார்த்தாள். தடி விடவில்லை. இரண்டு கையையும் தூக்கி, நிறுத்துங்கள் என்று இங்கிலீஷில் கத்தினாள். முன்வரிசைகளில் எல்லோருமே கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள், சந்தோஷத்தில். வேலையாள் எங்களுக்கும் சேர்த்துக் கையசைத்தான்.

அடியில் சங்கிலி டக் டக்கென்று இழுத்தது. அறுபத்திரண்டு வரை எண்ணினேன். உச்சியில் ஒரு கணம் கடல் மட்டும்தான் தெரிந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை என் சட்டைமேல், நெஞ்சில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"வலிக்குதாப்பா? மூச்சு வருதுங்களா?"

பதில் சொல்லும் முன் விழுந்தோம். மரம் முழுவதும் ஒரே நேரத்தில் முறிவதுபோல் சத்தம். கண்ணை மூடினால் மயங்கிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதனால் திறந்தே வைத்திருந்தேன், காற்றில் நீர் வழிந்தது. அதன்பிறகு எத்தனை வளைவுகள் என்று எனக்குத் தெரியாது. முன்பே இரண்டு முறை ஏறியிருந்த அவள்தான் என் காதோரம் எண்ணிக்கொண்டு வந்தாள். "இன்னும் மூணுதாங்கப்பா. இன்னும் ரெண்டு."

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி என்று வெளியே எழுதிப் போட்டிருந்தார்கள். வண்டி நின்றபோது எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மகள்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பெஞ்சில் உட்கார்ந்து, அவள் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிப்போடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, மனைவிக்குச் சர்க்கரை வந்திருப்பது. மற்றது, என் இன்னொரு ரத்தக்குழாயிலும் பாதி அடைப்பு இருக்கிறது, ஊர் திரும்பியதும் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியது. மகள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள்.

சர்க்கரையை மட்டும் சொன்னேன்.